கப்பல் படிக்கிற புத்தகங்கள்

முதலில் அட்டையைப் பிரித்துத் தனியே வைக்கிறான். பிறகு புத்தகத்தைக் குப்புறக் கிடத்தி, முதுகில் பசை காய்ந்துபோன இடமாகப் பார்த்து, சவர பிளேடால் நிதானமாக ஒரு கீறல். தலையணை மாதிரி இருந்த புத்தகம் கொஞ்ச நேரத்தில் நாலைந்து துண்டாகிவிடும். ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் அவன் அம்மா தடித்த நூலால் தைத்துக் கொடுக்கிறார். நான் அச்சகத்தில் பிழை திருத்தியே பாதி ஆயுளைத் தொலைத்தவன். இதை முதன்முதலாகப் பார்த்த அன்று பொறுக்கவில்லை. "என்னப்பா இது, கொலை பண்ற மாதிரி பண்றே?" என்று கேட்டேன். "ஒரு கையால பிடிச்சுப் படிக்கணும்ல சார். முழுசா இருந்தா கனக்குது," என்றான்.

இன்னொரு கை இயந்திரத்துக்குச் சொந்தம். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ரத்தத்தைச் சுத்தம் செய்கிற கூடத்தில், சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கின்றன. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்தில் மூன்று நாள் அங்கே வந்து, கையில் இரண்டு ஊசிகளை வாங்கிக்கொண்டு, அரை நாள் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், சலித்து, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். என் அக்காவுக்கும் அங்கேதான் வாசம். அவனுக்குப் பக்கத்து நாற்காலி. அக்காவுக்குத் துணையாக வருகிற நான் இருவருக்கும் நடுவில் ஒரு முக்காலியில் குந்தியிருப்பேன்.

அவன் ஒரே மாதிரியான கதைகளைத்தான் படிப்பான். கப்பல் உடையும், தீவு வரும், புயல் அடிக்கும், புதையலுக்கு அடிதடி நடக்கும். எல்லாம் நூறு வருஷத்துக்கு முந்திய சமாசாரம். ஆகவே இயந்திரத்தைக் கவனிக்கிற டெக்னீஷியன் அவனுக்குக் 'கப்பல்' என்று பெயர் வைத்துவிட்டார். அந்தக் கூடத்தில் இப்போது டாக்டர் உட்பட யாரும் வேறு பெயரால் கூப்பிடுவதில்லை. "கப்பல் வந்தாச்சா?" "கப்பலுக்கு இன்னிக்கு எடை ஜாஸ்தி, பார்த்துக்க." "கப்பலை ஓரமா ஒதுக்கு, சுவரு பக்கம் குளிரடிக்குது." அவனும் கேட்டுச் சிரித்துக்கொள்வான். ஊசி ஏறுகிற கைப்பக்கம் மட்டும் தோளோடு வெட்டியெடுத்த ஒரு நீல ஸ்வெட்டர் போட்டிருப்பான். மீசை இன்னும் சரியாகக் கூடவில்லை. முகம் மட்டும் வீங்கி வீங்கி வடிந்து, அவன் வயதுக்கு ஒட்டாத ஒரு சோர்வோடு இருக்கும்.

வரலாறு படித்துக்கொண்டிருந்தான். கடைசி வருஷம். சிறப்புப் பாடம் அமெரிக்க வரலாறு. வகுப்புக்கு வந்த நாட்கள் போதாது என்று கல்லூரியில் தேர்வு எழுத விடவில்லை. "நான் இன்னும் ஸ்டூடண்ட்தான் சார். காலேஜ்தான் இல்ல," என்பான். யாராவது பாடப்புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் முகம் மாறிவிடும். கடலைப் பற்றிக் கேட்டால் இயந்திரம் நிற்கிறவரை பேசுவான்.

அவன் படிக்கிற விதம் எனக்குப் புதிது. வீரன் யார், வில்லன் யார் என்பதிலெல்லாம் அவனுக்கு அக்கறை இல்லை. கப்பலில் பிஸ்கட் எத்தனை பீப்பாய், தண்ணீர் எத்தனை பீப்பாய் என்று பார்ப்பான். கணக்கு உதைத்தால் ஆசிரியரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவான். ஒருநாள் கையிலிருந்த துண்டை மடியில் அறைந்தான். "பாருங்க சார், 'மூன்று மாதங்கள் கழிந்தன'ன்னு ஒரே வரியில எழுதிட்டுப் போயிட்டாரு. அந்த மூணு மாசத்தை யாரு சார் உட்கார்ந்து கழிச்சது? இவரா?" அக்காதான் தன் நாற்காலியிலிருந்து, "அதையெல்லாம் எழுதினா யாருடா வாங்குவா?" என்றாள். "நான் வாங்குவேன் பெரியம்மா," என்றான்.

தீவுக் கதைகளில் அவனுக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. அந்தத் தீவில் ஏற்கெனவே இருக்கிற ஜனங்களை ஒரு வார்த்தை பேச விடுகிறார்களா என்று கேட்பான். அதே கேள்வியை வைத்துக்கொண்டுதான் அமெரிக்காவுக்குள்ளும் போனான். மேற்கே நிலம் கிடைக்கிறது, தங்கம் கிடைக்கிறது என்று மாட்டு வண்டியில் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டவர்களைப் பற்றி அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். போகிற வழியெல்லாம் வேறு யாருடையதோ நிலம் என்பதையும் மறக்காமல் சொல்லுவான். ஆனால் அவன் கண் நிற்கிற இடம் வேறு. "மாடு இழுக்க முடியாம போனதும் ஒவ்வொண்ணா தூக்கிப் போட ஆரம்பிச்சாங்க சார். முதல்ல நிலைக்கண்ணாடி, அலமாரி. அப்புறம் இரும்பு அடுப்பு. பாதை பூரா வீட்டுச் சாமானா கிடந்துச்சாம். பின்னாடி வர்றவன் அதைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிச்சிருக்கான்."

சொல்லிவிட்டுத் தன் சாமான்களையும் சொன்னான். பந்து விளையாட்டு முதலில் போனது. பிறகு நண்பர்கள், அவர்கள் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் வேலைக்குப் போய்விட்டார்கள், எத்தனை நாளைக்குத்தான் வந்து பார்ப்பார்கள். அப்புறம் கல்லூரி. ஒரு பெண்ணைப் பற்றியும் பாதி சொல்லி நிறுத்திக்கொண்டான். நான் துருவவில்லை.

அன்று அவன் சொல்லாத சாமான் ஒன்று இருந்தது. அது அவன் அம்மாவின் சிறுநீரகம். ஒரு பெரிய விடுதியின் சலவைப் பிரிவில், நீராவிப் பெட்டியோடு நாள் முழுக்கப் போராடி விரிப்புகளைத் தேய்க்கிறவர் அவர். அப்பா சரக்கு லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர், வந்தால் உண்டு. மகனுக்கு முதலில் இரண்டும் கெட்டுப்போனபோது, அம்மா தன்னிடமிருந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்தார். ஒரு வருஷம் பையன் ஓடியாடித் திரிந்தான், கல்லூரிக்குப் போனான், தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்தான். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. யார் தவறும் இல்லை. மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. உடம்பு வேண்டாம் என்று தள்ளிவிட்டது, அவ்வளவுதான். "ஒருத்தர் உசுரைக் குடுத்து வாங்கித் தந்த பொருளைத் தொலைச்ச மாதிரி சார். வீட்ல அம்மா மூஞ்சியைப் பார்க்க முடியல," என்று இதை இன்னொரு நாள் எனக்குச் சொன்னபோது அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் கூரையைப் பார்த்தேன்.

இந்த நோயில் வலியைவிடக் கொடுமை தாகம். உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லை. தேங்கி நுரையீரலில் ஏறிவிடும். ஆகவே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளந்து விட்டிருக்கிறார். கப்பலின் அம்மா காலையில் அந்த அளவை ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவார். அதைத்தான் அவன் நாள் முழுக்க ஓட்ட வேண்டும். அக்கா தாகம் எடுத்தால் என்னைத் திட்டுவாள். திட்டித் தீர்த்தால் கொஞ்சம் அடங்கும் என்பாள். அவன் படகுக் கதை படிப்பான். கப்பல் உடைந்து, நாலு பேர் ஒரு படகில், சுற்றிலும் உப்புத் தண்ணீர், நடுவில் ஒரே ஒரு குடுவை. "நம்மள மாதிரியே ஆளுங்க சார். கூட இருந்தா ஒரு தெம்பு."

அந்தத் தெம்புதான் ஒருநாள் அவனைக் கவிழ்த்தது. வீட்டில் உட்கார்ந்து ஒரு படகுக் கதையின் கடைசித் துண்டைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். ஆட்கள் நாக்கு வறண்டு, உதடு வெடித்துக் கிடக்கிறார்கள். தூரத்தில் பாய்மரம் தெரிகிறது. கப்பல் நெருங்குகிறது, மேலே தூக்குகிறார்கள், முதலில் ஒரு குவளை தண்ணீர் கொடுக்கிறார்கள், அப்புறம் இன்னொன்று. இவன் எழுந்து போய்ச் சமையலறையில் குடத்தைச் சாய்த்துக் குடித்தான். அவர்கள் குடித்து முடிக்கிற வரைக்கும் குடித்தான். அடுத்த நாள் மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்து, ஸ்ட்ரெச்சரில் வந்து சேர்ந்தான். டெக்னீஷியன் ஊசியைக் குத்திக்கொண்டே கத்தினார்: "படிச்ச பையன்தானே நீ? அறிவில்ல?" அவன் ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து, "காப்பாத்திட்டாங்கண்ணா… அதான்," என்றான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அம்மா பயந்துபோனார். கப்பல் புத்தகம் எதுவும் இனி வீட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டார். என்னைத் தனியாக அழைத்து, "அண்ணா, நீங்க விவரம் தெரிஞ்சவங்க. அந்த அமெரிக்கா புஸ்தகத்துல தண்ணி வராதுல்ல?" என்று கேட்டார். நான் வராது என்றேன். பொய்தான். அந்த வண்டிக்காரர்களும் பாலைவனத்தில் தண்ணீருக்கு நாக்கைத் தொங்கப்போட்டவர்கள்தான். ஆனால் ஒரு பையனிடம் மிச்சமிருப்பதையும் பிடுங்கினால் என்ன ஆவான் என்று எனக்குக் கவலை. கடைசியில் ஓர் ஏற்பாடு ஆயிற்று: கப்பல் புத்தகமும் வரலாம், ஆனால் அவன் தனியாகப் படிக்கக்கூடாது, படிக்கிற கதையை அன்றன்றைக்கு அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் எங்கே கவிழப்போகிறான் என்று அவருக்குத் தெரிந்துவிடுமாம்.

அன்றிலிருந்து அம்மாவும் படகில் ஏறிக்கொண்டார். ஷிப்டு முடிந்து, கை விரலெல்லாம் நீராவியில் வெளுத்துப்போய் வந்து, நாற்காலியின் கால்மாட்டில் உட்காருவார். அவன் சொல்லச் சொல்ல, "அட பாவி!" "அப்புறம்?" "அந்தச் சமையக்காரன் செத்தானா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே நூலைக் கோப்பார். ஒருநாள் அவன் படகுச் சட்டத்தைச் சொன்னான். "படகுல ஏறிட்டா கேப்டன், கூலிக்காரன்னு பேதம் கிடையாதும்மா. எல்லாருக்கும் ஒரே அளவுதான் தண்ணி. எவனாவது ஒரு வாய் கூடக் குடிச்சான்னா அவன் மனுஷனே இல்ல." அம்மா தலையை ஆட்டினார். எங்கள் எல்லோருக்கும் அது கதையாகத்தான் பட்டது.

பிறகு வந்தது கெட்ட காலம். கையில் ஊசி போடுகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. மறு கையில் இன்னொன்றைத் தயார் செய்தார்கள். அதுவும் வாரத்துக்கு ஒரு வம்பு பண்ணியது. இன்னொருவர் சிறுநீரகம் கிடைக்குமா என்று பார்த்ததில், பழையதைத் தள்ளிய உடம்பு புதியது எதையும் ஏற்கிற நிலையில் இல்லை, பொருந்துகிற ஒன்று கிடைப்பது ரொம்பக் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். நல்ல மனிதர், சொல்லும்போது அவன் தோளில் கை வைத்திருந்தார். அன்று அவன் புத்தகத்தை விரிக்கவே இல்லை. சாயங்காலம் இயந்திரத்தை நிறுத்த வந்த டெக்னீஷியனிடம், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கேட்டான்: "அண்ணா, வராம விட்டுட்டா எப்படி இருக்கும்? வலிக்குமா?"

டெக்னீஷியன் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கழிவறைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

நான் சும்மா இருக்கமாட்டாமல் வாயைக் கொடுத்தேன். "எல்லாத்தையும் தூக்கிப் போட்டாங்கன்னு சொன்னியே, அந்த வண்டிக்காரங்க. அப்புறம் என்ன பண்ணாங்க?"

"வண்டியையும் விட்டுட்டு நடந்தாங்க சார்."

"பார்த்தியா?"

"நடக்க முடியாதவங்களும் இருந்தாங்க. அவங்க எழுதி வச்ச டைரி எதுவும் இல்ல. பின்னாடி வந்தவங்க டைரியில ரெண்டு வரி இருக்கும். இந்த இடத்துல ஒரு புது மண்மேடு பார்த்தோம்னு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகை செய்தான். எனக்கு அழுகை முட்டியது. அதைக் கோபமாக்கிக்கொண்டு, பெரிய மனுஷன் மாதிரி பேசாதே என்று அதட்டினேன். அவன் ரொம்பப் பொறுமையாக, "இந்தப் புத்தகம் முடியட்டும் சார். அதோட போதும்," என்றான். மடியில் கிடந்தது தங்கம் தேடிப் போனவர்களின் வரலாறு. ஆட்கள் சுரங்கத்துக்கு ஓடிவிட, துறைமுகத்தில் கேட்பாரற்று நின்ற கப்பல்களைப் பற்றிய பகுதியில் இருந்தான்.

இது அம்மாவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? அவர் அழவில்லை, கெஞ்சவில்லை. புத்தகத்தின் கடைசித் துண்டைத் தைத்துக் கொடுக்காமல் இழுத்தடித்தார். ஒருநாள் நூல் தீர்ந்துவிட்டது என்றார். அடுத்த முறை ஊசி முனை மழுங்கிவிட்டது. அதற்கடுத்த முறை ஷிப்டில் நெருக்கடி, நினைவே இல்லையாம். "சும்மா குடும்மா, தைக்காமலே படிச்சுக்கறேன்." "தாளு தாளா பறக்கும்டா. நான் தச்சுத் தர்றேன், இரு." அக்கா என் பக்கம் சாய்ந்து, "உலகத்துலயே மெதுவா தைக்கிற பொம்பளை இவதான்டா," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அப்படி ஒரு மதியம் வேலையிலிருந்து நேராக வந்தவர், கூடத்தின் வாசலில் கதவைப் பிடித்தார், நழுவினார், தரையில் விழுந்தார். மூட்டையைக் கீழே வைத்த மாதிரி ஒரு சத்தம். கப்பல் எழப் பார்த்தான். ஊசியும் குழாயும் இழுத்தன. இயந்திரம் வீறிட்டு அலறியது. டெக்னீஷியன் ஓடிவந்து அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "அம்மா! அம்மாவைப் பாருங்கண்ணா! யாராவது பாருங்க!" பத்தடி தூரம். அவனால் போக முடியவில்லை.

தூக்கிக் கட்டிலில் கிடத்தினோம். ரத்தம் எடுத்துப் போனார்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். "தண்ணியே குடிக்கிறதில்லையா நீங்க? நாள் பூரா நீராவில நின்னு வேலை செய்யறீங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?"

அம்மா முனகினார். "அவன் அளவு."

"எந்த அளவு?"

"அவனுக்கு ஊத்தற பாட்டில் மாதிரியே எனக்கும் ஒண்ணு வச்சிருக்கேன். அவனுக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவுதான்."

டாக்டருக்குப் புரியவில்லை. "உங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு கிட்னிம்மா! அதையும் காயப்போட்டுக் கெடுத்துக்கிட்டீங்கன்னா உங்களையும் இங்கதான் உட்கார வைக்கணும்!" என்று சத்தம் போட்டார். அம்மா அவரைப் பார்க்காமல் மகனைப் பார்த்து, "ஒரே படகுதானே," என்றார். அவ்வளவு மெல்லச் சொன்னாலும் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. இத்தனை நாளும் அந்தப் பெண்மணி நீராவிப் பெட்டிக்கு முன்னால் நா வறண்டு நின்றதை நினைத்தேன். அந்தக் கதைகளையும், எழுதியவர்களையும், பக்கத்தில் உட்கார்ந்து அப்புறம் அப்புறம் என்று கேட்ட என்னையும் சேர்த்து மனதுக்குள் சபித்தேன்.

கையில் சொட்டு மருந்து ஏறி முடிந்த பிறகு அம்மா எழுந்து வந்து அவன் பக்கத்தில் என் முக்காலியில் உட்கார்ந்தார். வாய் வழியாகவும் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டெக்னீஷியன் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அம்மா வாங்கவில்லை. டெக்னீஷியன் அதை அவர்களுக்கு நடுவிலிருந்த தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

"குடிம்மா."

"அப்புறம் குடிக்கிறேன்."

"இப்ப குடி. என் கண்ணு முன்னாடி குடி."

"நீ இன்னிக்கு ஒரு வாய்கூடக் குடிக்கலையேடா. நான் எப்படிக் குடிப்பேன்?"

"உனக்கு இருக்கிறதே ஒண்ணும்மா."

"உனக்கு அதுகூட இல்லையே." அம்மா உதட்டை இறுக மூடிக்கொண்டார். "நீ குடி முதல்ல. பாதி நீ, பாதி நான். இல்லேன்னா வேண்டாம்."

அவன் கொஞ்ச நேரம் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதட்டில் தோல் செதில் செதிலாக உரிந்து நின்றது. பிறகு ஊசி இல்லாத கையால் தம்ளரை எடுத்தான், உதட்டில் பொருத்தினான், கண்ணை மூடிக்கொண்டான். தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. அம்மா அந்தத் தொண்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தாகம் தீர்ந்தவன் விடுகிற பெருமூச்சு ஒன்றை விட்டான்.

"ஆச்சு. இப்ப உன் முறை," என்று சொல்லி, இன்னும் விளிம்புவரை நிறைந்தே இருந்த தம்ளரைச் சிந்தாமல் அம்மாவின் கையில் கொடுத்தான்.